பிள்ளையின் நடைக்கு நாமும் நடப்போம்



காடு என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது மரநிழல் அல்ல, ஓட்டம்தான். 2006ஆம் ஆண்டு சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாகரைக்குப் போயின. பின்பு அங்கிருந்தும் பலர் காட்டுவழியாக வாழைச்சேனைப் பக்கம் நடந்தார்கள். "சத்தம் போடாதே, கெதியா நட" என்றுதான் அன்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். அந்தச் சொற்கள் இன்னும் எங்கள் வாயிலிருந்து போகவில்லை. போரைக் காணாத பிள்ளைக்கும் அதையே சொல்கிறோம். காரணம் தெரியாமலே அந்தப் பிள்ளையும் மரங்களுக்குப் பயப்படுகிறது.

இந்தப் பயம் புத்திமதியால் போகாது, நடந்துதான் போகவேண்டும். தொடங்குவதற்குத் திருகோணமலை நகரிலேயே ஓர் இடம் உண்டு. பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதைதான் அது. ஓரமெங்கும் பெருமரங்கள், நிழலில் புள்ளிமான்கள், மேலே போகப் போகக் கடற்காற்று. சின்னப் பிள்ளையும் நடக்கக்கூடிய தூரம்தான்.

வெயில் ஏறுமுன் காலையில் போங்கள். தண்ணீரும் ஒரு தொப்பியும் போதும். கோட்டை வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிள்ளையே தேடிப் பிடிக்கட்டும். நான்கு வயதுப் பிள்ளை போய்ச் சேருவதற்காக நடப்பதில்லை. எறும்பைக் கண்டால் குந்திவிடும், சருகைப் பொறுக்கும். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நீங்களும் பக்கத்தில் இருங்கள். அவசரம் எங்களுக்குப் போர் பழக்கியது, பிள்ளைக்கு அது வேண்டாம்.

மானுக்குத் தீனி கொடுக்க வேண்டாம். பொலித்தீன் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். அதை விழுங்கி மான்கள் இறந்ததுண்டு. மலையுச்சியில், இராவணன் வெட்டுப் பக்கம், பிள்ளையின் கையை விடவே கூடாது. பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாக இருந்தால் தூரத்தில் திமிங்கிலம் மூச்சு விடுவதையும் சிலவேளை காணலாம்.

கோட்டைக்குள் இராணுவ முகாம் உண்டு. சீருடையைக் கண்டால் நெஞ்சு படபடக்கும் சகோதரிகள் முதல் நாள் இன்னொரு தாயையும் கூட்டிச் செல்லுங்கள். பாதியில் திரும்பினாலும் குறைவில்லை, அடுத்த கிழமை இன்னும் கொஞ்சம் நடக்கலாம்.

ஊர்ப்பக்கக் காட்டிலும் கரையோரப் பற்றையிலும் நடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரார் நாளாந்தம் நடக்கும் பாதையிலேயே போங்கள். மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அப்பால் ஓர் அடியும் வைக்கக்கூடாது. தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைக்கு "தொடாதே" என்று மட்டும் சொல்லாமல் "அது வெடிக்கும், காயம் வரும்" என்று காரணத்தையும் அமைதியாகச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை கவனமாக இருக்கும். காரணம் தெரியாத பிள்ளை எல்லாவற்றுக்கும் பயப்படும்.

எங்கள் காட்டு நினைவுகளை மாற்ற எங்களால் முடியாது. பிள்ளைக்குப் புதிதாக ஒன்றைக் கொடுக்க முடியும். அதற்குக் காசு வேண்டாம், ஒரு காலைப்பொழுது போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்படுங்கள். முன்னால் பிள்ளை நடக்கட்டும், பின்னால் நீங்கள் நடவுங்கள்.