புரட்டாசிக்குள் போட வேண்டிய ஊசி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவாக முற்றி ஒரு முதியவர் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த அட்டை கைகொடுக்கும். அந்த நிலை வராமல் தடுக்கக்கூடிய ஊசிக்கு அதே அட்டையில் வழி இல்லை. பாபநாசம் பக்கத்தில் மருந்துக்கடை நடத்தும் எனக்கு ஒவ்வோர் ஆவணியிலும் இது மனதை அறுக்கிறது.

ஊசி என் கடை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறது. மருந்து நிரப்பியே வரும் சின்ன சிரிஞ்சு, அரை மில்லி. விலை ஆயிரத்தைத் தாண்டும். கம்பெனியைப் பொறுத்து இன்னும் ஏறும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீட்டுப் பெரியவர்கள். அங்கிருந்து மகன் போன் போட்டு வற்புறுத்தியிருப்பான். போன வருஷம் நடவு வேலைக்குப் போகும் ஒரு பெரியம்மா டாக்டர் எழுதிய சீட்டோடு வந்தார். சர்க்கரையும் உண்டு, வீசிங்கும் உண்டு. விலையைச் சொன்னேன். மடியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காப்பீட்டு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுல எழுதிக்க முடியாதா தம்பி?"

"படுக்கையில சேந்தாத்தான் இது செல்லும் பெரியம்மா."

சர்க்கரை மாத்திரையை மட்டும் பத்து நாளைக்கு வாங்கிக்கொண்டு போனார். அந்த ஊசியின் விலை அவருக்கு நாலைந்து நாள் கூலி.

சொந்தக் காசில் பாலிசி எடுத்தவர்கள் நிலையும் பெரிய வித்தியாசமில்லை. பல பாலிசிகளில், எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்ற பட்டியலில் தடுப்பூசி இருக்கும். நாய்க்கடி போன்ற கடிக்குப் போடும் ஊசிக்கு மட்டும் விதிவிலக்கு. வெளிநோயாளிச் செலவையும் சேர்த்து, கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் சில பாலிசிகளில்தான் ஃப்ளூ ஊசி கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அந்தச் சலுகையை வரவேற்கிறேன். ஆனால் பாலிசிக்குள் என்ன இருக்கிறது என்பது மாறவில்லையே.

ஊசி போட்டால் காய்ச்சலே வராது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஊசியும் கிருமியும் நன்றாகப் பொருந்திய ஆண்டில்கூடப் பாதிப்பேரைத்தான் அது காய்ச்சலிலிருந்து காக்கும். வயதானவர்களிடம் அதைவிடக் குறைவு. இருந்தாலும் நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போவதைக் குறைக்கிறது. கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. கணக்குப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நோய்த்தடுப்பில் பல விஷயங்களுக்குப் பலன் தெரியப் பத்து வருஷம் ஆகும். அதற்குள் காப்பீட்டு நிறுவனமே மாறிவிடும். ஃப்ளூ ஊசியில் போட்ட பணத்துக்கு அதே பாலிசி ஆண்டிலேயே பலன். தவிர்த்த ஒவ்வொரு ஐசியூ படுக்கையும் அந்த ஆண்டுக் கணக்கிலேயே வரும்.

அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டப்படி பெரும்பாலான காப்பீடுகள் இந்த ஊசிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. அவ்வளவு தூரம் போவானேன்? ஹஜ் புறப்படும் முதியவர்களுக்கு நம் அரசே ஃப்ளூ ஊசி போட்டு அனுப்புகிறது. கூட்டத்தில் நோய் பரவும், வயதானவர்கள் தாங்கமாட்டார்கள் என்று தெரிந்து செய்கிற நல்ல காரியம் அது. அதே வயதில் சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவர்களுக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

எங்கள் காவிரி டெல்டாவில் இந்த ஊசிக்குக் காலம் முக்கியம். டெல்லியில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். தமிழ்நாட்டிலோ வடகிழக்குப் பருவமழையோடு, ஐப்பசி கார்த்திகையில் ஏறுகிறது. சம்பா, தாளடி வேலைக்காக எல்லோரும் ஈரத்தில் நிற்கிற நேரம். ஊசி உடம்பில் வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஆகவே புரட்டாசிக்குள் போட்டாக வேண்டும்.

யாருக்குப் போடுவது என்று புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று அவர்களின் நோட்டில் இருக்கிறது. குளிர்பதன வசதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறது. குழந்தைகளுக்கான தடுப்பூசி அங்கேதானே போடுகிறார்கள்! மொத்தமாகக் கொள்முதல் செய்தால் என் கடை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. முதியவர்கள், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் என்று முதல் கட்டமாக வைத்து, செலவைக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏற்றலாம். என் விற்பனை போகும், போகட்டும்.

சம்பா பயிருக்கு இன்ஷூரன்ஸ் கட்ட நவம்பர் பாதி வரை பொது சேவை மையங்களில் சிட்டா, அடங்கலோடு வரிசை நிற்கும். பயிர் இழப்பீடு தாமதமானால் கலெக்டர் முன்னால் குரல் கொடுக்க நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். இந்த மாதக் குறைதீர் கூட்டத்தில் இந்த ஊசிக்கும் ஒரு மனு கொடுக்கப் போகிறேன். காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் விவசாயத் தொழிலாளர்களும், அவர்களுடைய சங்கங்களும் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.