மானியம் வாங்கியவரிடம் யார் கணக்குக் கேட்பது?

செமிகண்டக்டர் ஆலைச் செய்திகளைப் படித்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. இந்த வாரமும் அதே பாட்டுதான்: இத்தனை கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை. இந்தத் துறைக்கு மத்திய அரசு 2021-ல் ஒதுக்கியது 76,000 கோடி ரூபாய். ஆலைச் செலவில் பாதி வரை நம் வரிப்பணம். கம்பெனி சொன்னபடி செய்யாவிட்டால் அது திரும்பி வருமா? அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மானியம் என்று ஆரம்பித்தால் நான் பொருளியல் அறிஞர் ஆலிஸ் ஆம்ஸ்டனிடம்தான் போய் நிற்பேன் என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். தென்கொரியாவைப் பற்றி அவர் 1989-ல் எழுதிய ‘ஆசியாஸ் நெக்ஸ்ட் ஜயன்ட்’ புத்தகத்தை இந்த வாரமும் எடுத்தேன். சலுகை எல்லா நாடும் கொடுத்தது, கொரியா பதிலுக்கு வேலை வாங்கியது என்கிறார். மலிவு வட்டிக் கடன் வேண்டுமா, ஏற்றுமதி செய்து காட்டு. அதிபர் பாக் சுங்-ஹீ மாதாமாதம் ஏற்றுமதிக் கூட்டத்தில் தானே உட்கார்ந்து கணக்குக் கேட்டார்.

இரும்பாலை உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று கொரியாவிடம் உலக வங்கி கைவிரித்தது. தங்களைக் காலனியாக ஆண்ட ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுப் பணத்தைப் போட்டு, 1970-ல் போஹாங் கடற்கரையில் வேலையைத் தொடங்கினார்கள். இது முன்னோர் சிந்திய ரத்தத்தின் விலை, தோற்றால் வலப்பக்கம் திரும்பிக் கடலில் இறங்கிவிடுவோம் என்று தொழிலாளர்களிடம் சொன்னார் ஆலைத் தலைவர் பாக் டே-ஜூன். 1973-ல் இரும்பு உருகி ஓடியது.

ஆனால் அதே 1970-ல், நவம்பர் 13 அன்று, சோல் நகரச் சந்தை ஒன்றில் ஜொன் டே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி தீக்குளித்து இறந்தார். போஹாங்கை எழுதுகிறவர்கள் இவரை விட்டுவிடுகிறார்கள், என்னால் முடியவில்லை. நிமிர்ந்து நிற்க முடியாத பரண்களில் சின்னப் பெண்கள் நாளெல்லாம் துணி தைத்தார்கள். தன் பஸ் காசில் அவர்களுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் வீட்டுக்கு நடந்தே போவார். 1953 முதலே தொழிலாளர் சட்டம் இருந்தது. அதை அமல்படுத்தச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தார். அதிகாரிகள் அசையவில்லை. முதலாளியிடம் மாதந்தோறும் கணக்குக் கேட்ட அரசுக்கு, அந்தப் பரணை எட்டிப் பார்க்க நேரமில்லை.

சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இருப்பவர்களுக்கு என் கோரிக்கை இதுதான்: சலுகை ஒப்பந்தங்களை அவையில் வையுங்கள். உற்பத்தி இலக்கோடு கூலியும் வேலை நேரமும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். மீறினால் பணத்தை வட்டியோடு திரும்ப வாங்குங்கள்.