மறக்கப்பட்ட மருத்துவர் கிருஷ்ணசாமி

யாங்கோன் நகரின் தாமுவே பகுதியில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அந்நகர் இரங்கூன் என அழைக்கப்பட்ட காலத்தில், துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைப்பதற்காகத் தென்னிந்தியர் ஆயிரக்கணக்கில் அங்கு கப்பலேறிச் சென்றனர். அவர்களது உடலுழைப்பு பேசப்படும் அளவிற்கு, அதே நகரில் மருத்துவ அறிவியலுக்குத் தொண்டாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமியின் பெயர் பேசப்படுவதில்லை.

1911ஆம் ஆண்டு இரங்கூன் பொது மருத்துவமனையில் நோய்க்குறியியலாளராகப் பணியாற்றியவர் ஆல்பிரட் விட்மோர். அவரது உதவியாளர் கிருஷ்ணசாமி. பிரேதப் பரிசோதனைக்கு வந்த சில உடல்களில் நுரையீரல் முதலிய உறுப்புகளில் சீழ்க்கட்டிகள் காணப்பட்டன. குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயையே அது ஒத்திருந்தது. ஆயினும் அவர்கள் பிரித்தெடுத்த கிருமி நகரும் தன்மை கொண்டிருந்தது. வளர்ப்பூடகத்தில் விரைந்து பெருகியது. கிளாண்டர்ஸ் கிருமியோ நகராது. இவ்வேறுபாடுகளே அது புதியதொரு நோய் என்பதை உணர்த்தின. 1912இல் 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் இருவரும் இணைந்து அதனை உலகிற்கு அறிவித்தனர்.

இறந்தோரில் பலர் மார்பைன் ஊசிக்கு அடிமையான ஏழைகள். அவர்களின் மரணத்திற்கும் காரணம் தேடப்பட்டது என்பதே இக்கண்டுபிடிப்பின் பெருமை. 1917இல் கிருஷ்ணசாமி இந்நோய் குறித்துத் தனியாகவும் கட்டுரை எழுதினார்.

1921இல் மலாயாவில் பணிபுரிந்த ஸ்டாண்டன், பிளெட்சர் ஆகியோர் இதற்கு மெலியோய்டோசிஸ் எனப் பெயரிட்டனர். 'விட்மோர் நோய்' என்ற பெயரும் நிலைத்தது. கிருஷ்ணசாமியின் பெயரோ ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் ஒதுங்கியது.

இக்கிருமி வெப்பமண்டல நாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் இந்நோய் மிகுதியாகின்றது. நீரிழிவு உள்ளோரையே பெரிதும் தாக்குகின்றது. 1989இல் தாய்லாந்தில் நடந்த ஆய்வு, செஃப்டாசிடிம் மருந்து இறப்பைப் பாதியாகக் குறைப்பதை நிறுவியது. எனினும் ஆண்டுதோறும் சுமார் 1,65,000 பேர் பாதிக்கப்பட்டு 89,000 பேர் இறப்பதாக 2016இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. காசநோய் எனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

ஆகவே, தாயகம் சென்று திரும்பிய பின்னர் காய்ச்சல் நீடித்தால், குறிப்பாக நீரிழிவு உள்ளோர், தமது பயணத்தை மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது. மேலைநாட்டு மருத்துவர் பலர் இந்நோயைக் கண்டதேயில்லை.

நுண்ணுயிரியல் கற்கும் இளையோர் விட்மோரின் பெயரைப் பாடநூலில் காண்பர். அதனருகே எழுதப்பட வேண்டிய மற்றொரு பெயரைப் பெற்றோர் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.