மத்தளம் அடிப்பவரின் கண்கள்



கடந்த வருடம் எங்கள் மகளிர் சங்கத்தில் ஒரு சிறிய வடமோடிக் கூத்து பழகினோம். ஆடவும் பாடவும் ஒன்பது பெண்கள் முன்வந்தார்கள். மத்தளம் அடிக்கத்தான் ஆள் இல்லை. மட்டக்களப்பில் மத்தளம் அண்ணாவியாரின் வாத்தியம்; பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்து வந்தது. சிறு வயதில் மாமாவிடம் கொஞ்சம் பழகியிருந்ததால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

தாளக்கட்டுகள் எனக்குப் பாடம். கையும் வேகம். அது போதும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள், ஒரு அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓரமாகப் போய் இருந்துவிட்டார். யுத்த காலத்தில் ஷெல் காயம் பட்ட கால் அவருக்கு. "உங்கட கை ஓடுது தங்கச்சி, என்ட கால் ஓடாது. வேற ஆளைப் போடுங்க" என்றார்.

எங்களைப் பழக்கிய அண்ணாவியார் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் திரும்பினார். "மகள், நீங்க மத்தளத்தைப் பார்த்து அடிக்கிறீங்க. ஆடுற ஆளின்ட காலைப் பார்த்து அடிங்க."

அன்றிலிருந்து கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில், தாளக்கட்டை எல்லோரும் சேர்ந்து வாயால் சொல்ல வேண்டும். வாயில் நிற்கும் வேகமே கையில் நிற்கும். உற்சாகம் வந்தால் கை தானாக ஓடும். அப்போது சல்லரி போடுபவரின் பக்கம் காதை வைக்க வேண்டும்.

இரண்டாவது, பாட்டு நேரத்தில் அடியைத் தணிக்க வேண்டும். சொல் சபைக்குக் கேட்காவிட்டால் கதையே இல்லை. ஆட்டம் வரும்போது உரத்து அடிக்கலாம்.

மூன்றாவது, ஒருவர் தவறினால் நிறுத்தவும் கூடாது, முறைத்துப் பார்க்கவும் கூடாது. அதே தாளத்தைத் திரும்ப அடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருக்க வேண்டும். கூத்தில் பிற்பாட்டுக்காரர் அடியைத் திரும்பப் பாடும்போது ஆடுபவருக்கு மூச்செடுக்க நேரம் கிடைக்கிறது.

நான்காவது, நேரத்துக்கு முன்பே வந்து மத்தளத்தைச் சரிபார்க்க வேண்டும். ஈரம் பட்டால் தோல் தளர்ந்து சத்தம் இறங்கிவிடும். அதைச் சரிசெய்யும் வரை மற்றவர்களைக் காக்க வைப்பது நியாயமில்லை.

அக்காவின் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். முதலில் மறுத்தவர், மறுநாள் வந்தார். அவருடைய கால் எடுக்கும் வேகத்தையே முழு ஆட்டத்துக்கும் வைத்தோம். மற்றவர்களுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

அரங்கேற்றத்தன்று வட்டக்களரியில் ஓரிடத்தில் அவருடைய சதங்கைச் சத்தம் நின்றது. நான் அதே தாளத்தை மீண்டும் அடித்தேன். பிற்பாட்டுப் பெண்கள் அடியைத் திரும்பப் பாடினார்கள். நான்காம் சுற்றில் சதங்கை சேர்ந்துகொண்டது. பார்த்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சமூகவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். இதே அக்காவிடம் முன்பு ஒரு படிவம் நிரப்பப் போனபோது, கணவரைப் பற்றிய கேள்வியில் அவர் மௌனமாக இருந்தார். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான் அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினேன். அன்றும் என் கைதான் ஓடியிருக்கிறது.

உங்கள் ஊரிலும் பெண்கள் சேர்ந்து கூத்தோ கும்மியோ கோலாட்டமோ பழகினால், தாளம் பிடிக்கும் சகோதரியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். பின்னால் நிற்பவரின் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.