தூக்கும் கை கெடுக்கலாகாது

பெங்களூரில் எழும்பும் அடுக்குமாடிகளின் சாரங்களில் ஏறிப் பாடுபடுவோரில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் பலர். சாரம் சரிந்தாலோ கால் இடறினாலோ முதுகெலும்பு முறிந்து, தண்டுவடம் நசுங்கும் அபாயம் உண்டு. கழுத்தில் அடியென்றால் கைகால் நான்கும், முதுகில் அடியென்றால் கால்கள் இரண்டும் செயலற்றுப் போகக்கூடும். உழைப்பாளி படுத்துவிட்டால் ஊரில் உலையேறுவது எப்படி?

விழுந்த அடியோடு தீங்கு முடிந்துவிடுவதில்லை. அதன்பின் ஏற்படும் வீக்கமும், இரத்த அழுத்தக் குறைவும், மூச்சுத் திணறலும் எஞ்சிய நரம்புகளையும் அழிக்கக்கூடும். இரக்கத்தால் செய்யும் உதவியே கேடாவதும் உண்டு. நால்வர் கைகாலைப் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அடிபட்டவரை எழுப்பி உட்காரவைக்கக் கூடாது; தண்ணீர் புகட்டக் கூடாது. தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இடம் மாற்றியே தீரவேண்டுமாயின் தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேராக இருக்கும்படி பலர் சேர்ந்து புரட்டிப் பலகையில் கிடத்த வேண்டும்.

மருத்துவமனையில் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் சீராக்கி, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவையானால் தண்டுவடத்தை அழுத்தும் எலும்பை அறுவை சிகிச்சையால் அகற்றுவர். கழுத்துத் தண்டுவடக் காயத்தில் இதை 24 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் கூடுதல் என்பதை 2012-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் ஏழைக்கோ மருத்துவமனை மருத்துவமனையாக அலைவதிலும், முன்பணம் புரட்டுவதிலும் அந்த நேரம் கரைந்துவிடுகிறது.

சாலை விபத்தில் காயமுற்றோருக்கு 7 நாட்கள் வரை, ரூ.1.5 லட்சம் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் சாரத்திலிருந்து விழுபவருக்கு அது பொருந்தாது. லாரி மோதி முறிந்தாலும், மாடியிலிருந்து விழுந்து முறிந்தாலும் முதுகெலும்பு ஒன்றுதானே? கட்டட உரிமையாளர்களிடம் வசூலிக்கும் தீர்வைப் பணம் தொழிலாளர் நல வாரியத்திடம் சேருகிறது. அதைக் கொண்டு, முன்பணம் கேட்காமல் உடனே சிகிச்சை தொடங்கும் ஏற்பாட்டைக் கர்நாடக அரசு செய்ய வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளருக்கும் அது கிட்ட வேண்டும்.

தொழிலாளரும் வாரியத்தில் பதிவு செய்துகொள்ளத் தயங்கலாகாது. ஒவ்வொரு கட்டட வேலையிடத்திலும் ஒரு ஸ்ட்ரெச்சர் பலகையும், முதலுதவி பயின்ற இருவரும் இருக்கும்படி காண்டிராக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் மேஸ்திரிகளுக்குத் தமிழிலேயே இப்பயிற்சியை நடத்தலாம். செலவு சிறிது, காப்பாற்றப்படுவதோ ஒரு குடும்பம். அரசு விரைந்து ஆவன செய்யுமாக.