ஆறில்லாச் சீமையின் நாகரிகம்

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் பண்டைய நாகரிகங்கள் பற்றிய பாடத்தைப் படிக்கும் புதுக்கோட்டை மாணவனுக்கு நைல், யூப்ரடீசு, சிந்து, மஞ்சளாறு என்னும் பெயர்கள் மனப்பாடமாகிவிடுகின்றன. பேராற்றங்கரையில் மக்கள் குடியேறினர், உழவு செழித்தது, நகர் எழுந்தது என்று எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறான். அவன் பிறந்த மாவட்டத்திலோ ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் பாம்பாறும் மழை பெய்தால் ஓடும். பொய்த்தால் வெறும் மணல். பேராறு இல்லாத இம்மண்ணில் மாந்தர் எவ்வாறு நிலைத்தனர் என்று அவன் வினவினால், அந்த வினாவுக்கு வினாத்தாளில் இடமில்லை.

நிலைத்து வாழ்ந்ததற்குச் சான்றோ ஏராளம். பொற்பனைக்கோட்டையில் சங்ககாலக் கோட்டையின் மதிலும் அகழியும் இன்றும் தடம் காட்டுகின்றன. 2023-இல் தமிழக அரசின் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தபோது சிறு பொன்னணியும் எலும்பு முனைக் கருவியும் சூதுபவள மணியும் வெளிப்பட்டன. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணர் கற்படுக்கையை ஒட்டித் தமிழிப் பொறிப்பு உள்ளது. 1898-இல் கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசரின் முகத்தைக் குறுக்கே பிளந்து உளிவெட்டு விழுந்திருக்கிறது. மீண்டும் காசாக வழங்காதிருக்கவே அவ்வாறு வெட்டினர் என்பது ஆய்வாளர் கருத்து. உரோமை நகரில் தலைவணங்கப்பட்ட முகம் இங்கே எடைக்கு மட்டுமே மதிக்கப்பட்டது. அயலகப் பெருமையைக் கண்டு மயங்கும் இளைஞர்க்கு அந்த வெட்டுத் தழும்பைக் காட்டலாம்.

பேராறின்றி நகர் கண்டவர் நாம் மட்டுமல்லர். கச்சு வறள்நிலத்தில் மன்சர், மன்கர் என்னும் இரு பருவகால ஓடைகளை நம்பி எழுந்த தோலாவீரா, அணையிட்டு நீரைத் திருப்பிப் பெருந்தொட்டிகளில் தேக்கிய அரப்பா நகரம். 2021-இல் அது உலக மரபுச் சின்னமானது. நம் மாணவனுக்கு மொகஞ்சதாரோவைவிட அவ்வூரே நெருங்கிய உறவு.

அவனுடைய ஊர்க் கண்மாய்க்குள் இரு கற்றூண்கள் நிற்கக் கூடும். அவை குமிழித் தூம்பின் தூண்கள். நீருக்கடியில் மூடுகல்லுடன் ஒரு தொட்டி. மேலே நீரோடித் துளை, தரையை ஒட்டிச் சேறோடித் துளைகள். தூண்களுக்கிடையே நிற்கும் கோலை உயர்த்தினால் தெளிநீர் மேற்றுளை வழியே குமிழியிட்டு இறங்கும். அடியில் படியும் வண்டல் கீழ்த்துளைகள் வழியே இழுபட்டு, கரைக்கு அடியில் செல்லும் கால்வாயில் கலந்து வயலுக்குப் போகும். கண்மாயும் ஓரளவு தூரெடுக்கப்படும். வயலுக்கும் உரம் சேரும். தூம்பு செய்வித்தவரின் பெயரைத் தூணிலேயே வெட்டிவைத்த ஊர்கள் இம்மாவட்டத்தில் பல. அரண்மனை கட்டியவனுக்கு நிகராக மடை அமைத்தவனையும் கல்லில் ஏற்றிய சமுதாயம் எதை உயர்வாகக் கொண்டது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

நீர்நிலையைப் பேணுவதன் உயர்வைப் பாபிலோன் மன்னன் அம்முராபியின் சட்டம் கடுமையாகச் சொன்னது. தன் கரையைப் பேணாது விட்டவனால் உடைப்பெடுத்து அயலான் பயிர் அழிந்தால், அழிந்த தானியத்தை அவன் ஈடு செய்ய வேண்டும். இயலாவிடில் அவனையும் அவன் உடைமையையும் விற்று, இழந்தோர் பங்கிட்டுக்கொள்வர். மனிதரை விற்கும் அக்கொடுமை நமக்கு வேண்டா. ஆயினும் நீர்நிலையைப் புறக்கணித்தல் குற்றம் என்ற தெளிவு 3,700 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. வடிகாலின்றி நீர் பாய்ச்சியதால் உப்புப் பூத்துச் சுமேரியரின் கோதுமை குன்ற, உவர் தாங்கும் வாற்கோதுமை அவ்விடத்தைப் பிடித்தது என்பர். யூப்ரடீசு தடம் மாறி விலகியபின் ஊர் என்னும் மாநகர் பாலையில் மேடாயிற்று. ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கே இந்நிலை என்றால், வானம் பார்த்த சீமைக்கு மெத்தனம் தகுமா?

தகாது, ஆயினும் மெத்தனமே நடக்கிறது. கண்மாய்க்கு நீர் கொணரும் வரத்துவாரிகள் வரப்பாகவும் மனையாகவும் மாறிவிட்டன. மானாவாரிக் காடுகளில் தைலமரம் நிரைநிரையாய் நிற்க, கண்மாய்க்கு வரும் நீர் குறைந்ததென்று உழவர் முறையிடுகின்றனர். 2017-இல் குடிமராமத்து என்னும் பழம்பெயர் அரசுத் திட்டமாக மீண்டது. ஆனால் குடிகளின் கடமையாய் இருந்தது ஒப்பந்தப் பணியாகிவிட்டால் பெயர் மட்டும் என்ன செய்யும்? தூம்புத் தூணில் எழுத்திருப்பதையும் அறியாது அதில் ஆட்டைக் கட்டுகிறோம். தமிழரின் தொன்மை எத்தனை ஆயிரம் ஆண்டு என்ற வாதத்தில் மட்டும் நாம் சளைப்பதில்லை.

கல்வித்துறை ஒன்று செய்யலாம். ‘சிந்துவெளி நாகரிகத்தின் சிறப்புகள் ஐந்து கூறுக’ என்பதோடு நில்லாமல், தன் ஊர்க் கண்மாயின் வரத்துவாரி எங்கே தொடங்குகிறது, கலுங்கு எந்நிலையில் உள்ளது, மடையில் எழுத்துண்டா, கடைசியாகத் தூர் வாரியது எப்போது என்று மாணவன் பெரியோரைக் கேட்டும் நேரில் நடந்தும் வரைபடத்துடன் எழுதட்டும். அதற்கு மதிப்பெண் வழங்கப்படட்டும். உலக நீர் நாளான மார்ச் 22-இல் கூடும் கிராம சபையில் அவ்வேடு படிக்கப்பட்டு, தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும். படித்துக் காட்டுவது தலைமையாசிரியராக அன்றி, நடந்து எழுதிய மாணவனாகவே இருக்கட்டும்.