பழைய பைக் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பிசானம் நெல் விற்ற கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. காலையில் பால் கேனைச் சங்கத்துக்குக் கொண்டுபோக, வயலுக்கு உரம் எடுத்துப்போக, மகளைக் கல்லூரிக்குக் கொண்டுவிட ஒரு வண்டி வேண்டும். 2011-ஆம் வருடத்து ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் ஒன்றை 25,000 ரூபாய் சொல்கிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. நம்பி வாங்கலாமா?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை வட்டாரம்.

பதில்: பளபளப்பை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கிறவர் கொம்பில் அடித்த வண்ணத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார். வண்டிக்கும் அதே முறைதான்.

ஸ்பிளெண்டர் 1994-இல் வந்த வண்டி. 97.2 சி.சி. இன்ஜின், எளிய அமைப்பு. கிராமத்து மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். உதிரிப் பொருளுக்கு அலைய வேண்டாம். 2011-இல் கம்பெனியின் பெயர் ஹீரோ மோட்டோகார்ப் என்று மாறினாலும் இதில் குறையில்லை. ஆகவே வண்டியின் பெயரைவிட, அந்த ஒரு வண்டி எப்படி ஓடியது என்பதே முக்கியம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

நம் பகுதியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு, திருநெல்வேலி சந்திப்பு, வண்ணாரப்பேட்டை என்று பல இடங்களில் வண்டிகள் நீரில் மூழ்கின. கழுவிப் பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே தெரியாது. ஆனால் வண்டல் ஒளிந்துகொள்ளும் இடங்கள் உண்டு. சீட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். பேட்டரிப் பெட்டியின் மூலை, ஏர் ஃபில்டர் பெட்டியின் அடிப்பாகம், ஹெட்லைட் கிண்ணத்தின் உட்புறம் ஆகியவற்றை விரலால் தடவுங்கள். மாவு போன்ற நைசான மண் ஒட்டினால் சந்தேகப்படலாம். ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் நீர்ப்பூச்சு, ஒயர் இணைப்புகளில் பச்சை நிறக் களிம்பு ஆகியவையும் அடையாளங்கள். இன்ஜின் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இன்ஜின்

விற்பவரிடம் "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் சிலிண்டர் பக்கம் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளப்புவது சிரமம் என்பதை மறைக்கப் பார்க்கிறார்களோ என்று நினைக்க இடமுண்டு. கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். நல்ல இன்ஜின் எதிர்த்து நிற்கும். தடையில்லாமல் கீழே போனால் கம்ப்ரஷன் குறைவு.

காலையில் கிளப்பியதும் வரும் வெண்ணிற ஆவி சிறிது நேரத்தில் மறைந்துவிடும், அது பயமில்லை. சூடான பிறகும், ஆக்சிலேட்டரை முறுக்கும்போது நீலம் கலந்த புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ, வால்வு சீலோ, சிலிண்டரோ தேய்ந்திருக்கும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. கார்புரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் சரிபார்த்தால் பெரும்பாலும் தீரும். மேலே லேசான டிக் டிக் சத்தம் டேப்பட் சரிசெய்தால் அடங்கும். அடியிலிருந்து 'கட கட' என்று கனமாக இடித்தால் கிராங்க் வேலை, செலவு பெரிது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் போன்ற டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவதால் கொஞ்சம் புகை இயல்பு. அதை வைத்துக் கழித்துவிட வேண்டாம்.

இப்போது பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நெடுநாள் நிறுத்தி வைத்த பழைய வண்டியின் டேங்கில் துரு பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் ரப்பர் குழாய் விறைத்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

சுமை தாங்குமா?

விவசாய வேலை பார்த்த வண்டியில் உரத்தின் கைவரிசை தெரியும். யூரியாவும் பொட்டாஷும் சிந்திய இடத்தில் ஈரம் சேர்ந்து இரும்பை அரிக்கும். கேரியர், பின் மட்கார்டின் அடிப்பகுதி, சீட்டுக்குக் கீழே உள்ள சேசிஸ் குழாய் ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். வெல்டிங் வைத்த தடம் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். ஹேண்டில் பாருக்குக் கீழே சேசிஸில் விரிசலோ வெல்டிங்கோ இருந்தால் வேண்டவே வேண்டாம்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆடினால் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்மானம். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஸ்பிராக்கெட் பல் கொக்கிபோல் வளைந்திருப்பது ஆகியவற்றையும் கவனியுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் பழையதென்றால் மாற்றுவதே நல்லது. மகள் பின்னால் உட்காரப் போகிற வண்டி. கிலோமீட்டர் மீட்டரை நம்ப வேண்டாம். கால் மிதி ரப்பரும் பிரேக் பெடலும் தேய்ந்திருப்பதே உண்மையைச் சொல்லும்.

காகிதங்கள்

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான் செல்லும். 2011 வண்டிக்கு 2026-இல் முடிகிறது. அதன்பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. புதுப்பித்துத் தருவது யார் பொறுப்பு என்பதை விலை பேசும்போதே முடிவு செய்யுங்கள். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ், ஆர்.சி. காலம், கடன் நிலுவை தெரியும். அபராத நிலுவையையும் இணையத்தில் பார்க்கலாம். கடனில் வாங்கிய வண்டி என்றால் படிவம் 35-உம் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். கேரளப் பதிவு வண்டி என்றால் அந்த ஊர் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் தொடாதீர்கள்.

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் பழைய மொபெட்டை விற்கிறீர்கள் என்றாலும் இது பொருந்தும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் இருக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

விலை

முன்பணம் கொடுக்கும் முன், விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கிடம் அல்லாமல் உங்களுக்குப் பழக்கமான ஒருவரிடம் வண்டியைக் காட்டுங்கள். டயர், செயின் செட், பேட்டரி, பிரேக், ஆர்.சி. புதுப்பிப்பு என்று ஆக வேண்டிய செலவைத் தாளில் எழுதிக் கூட்டுங்கள். அதைச் சொன்ன விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். இன்ஜினும் சேசிஸும் சரியாக இருந்து மற்றவை தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். இன்ஜினில் நீலப் புகையோ, சேசிஸில் விரிசலோ, காகிதத்தில் சிக்கலோ இருந்தால் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். நெல் விற்ற பணம் அடுத்த நடவுக்கும் தேவைப்படும்.